பெட்ரோல் பிக்கப்பில் கனமான ட்ரெய்லர்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

பெரிய பெட்ரோல் வி8 போட்ட பிக்கப் டிரக்கை வாங்கி, முதல் தடவை எட்டாயிரம் பவுண்டு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் திரும்பி வருவார்கள்: "என்ஜின் அப்படி அலறுதே, ஏதாவது ஆயிடுமா?" பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே ஆட்களிடம் ட்ரெய்லர் டயருக்கு என்ன வயது, பிரேக்கை எப்போது அட்ஜஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. உயிருக்கு உலை வைப்பது அந்தப் பின்பக்கம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே சொல்வது அமெரிக்கச் சாலைகளுக்கும் அங்கே "முக்கால் டன்", "ஒரு டன்" என்ற வகைப் பெயரில் ஓடும் பெரிய டிரக்குகளுக்கும்: ஃபோர்டு சூப்பர் டியூட்டி 7.3 லிட்டர், ஷெவர்லே 2500-இன் 6.6 லிட்டர், ராம் 2500-இன் 6.4 லிட்டர் ஹெமி போன்றவை. டல்லாஸிலோ டென்வரிலோ இருந்துகொண்டு, கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு டிராவல் ட்ரெய்லர் இழுக்கும் தமிழர்களுக்கு நேரடியாக உதவும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எடை

எடை தெரியாமல் கோளாறு தேடுவது வீண் வேலை. ட்ரெய்லர் விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை காலி எடை. தண்ணீர், பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம் பண்டம், அரிசி மூட்டை எல்லாம் ஏறினால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண்டு சுலபமாகக் கூடிவிடும்.

நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். பயணத்துக்கு ஏற்றிய அதே சுமையோடு, அதே ஆட்களோடு, டேங்க் நிறைய பெட்ரோலோடு போய் மூன்று முறை எடை போடுங்கள். முதலில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளை (ட்ரெய்லர் அழுத்தும் எடையில் ஒரு பங்கை டிரக்கின் முன் அச்சுக்குத் திருப்பிவிடும் ஹிட்ச் கம்பிகள்) மாட்டி, அப்புறம் அதே இடத்தில் கம்பிகளைக் கழற்றி, கடைசியாக ட்ரெய்லரை விட்டுவிட்டு டிரக் மட்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. டிரக் தனியாக: முன் 4,180, பின் 3,060, மொத்தம் 7,240 பவுண்டு. ட்ரெய்லர் மாட்டி, கம்பி இல்லாமல்: முன் 3,820, பின் 4,400, ட்ரெய்லர் அச்சு 7,240. டிரக்கின் மேல் கூடியது 980 பவுண்டு. அதுதான் டங் வெயிட், அதாவது ஹிட்ச் பந்தின் மேல் ட்ரெய்லர் அழுத்தும் எடை. ட்ரெய்லரின் முழு எடை 7,240 + 980 = 8,220. அதில் 980 என்பது சுமார் 12 சதவீதம். 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. நல்லது. கம்பிகளை மாட்டிய பிறகு: முன் 4,060, பின் 4,020, ட்ரெய்லர் 7,380. முன் அச்சு இழந்த 360 பவுண்டில் 240 திரும்ப வந்துவிட்டது. இதுவும் சரியாகவே இருக்கிறது.

இந்த எண்களை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு ஸ்டிக்கர்களோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையும் டிரக்கின் மொத்த எடை வரம்பும் இருக்கும். இன்னொன்றில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு தாண்டக் கூடாது என்று இருக்கும். டங் வெயிட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பம்பரில் இல்லாமல் டிரக்கின் பின்தொட்டிக்குள் மாட்டும் வகை) வாங்குகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். அதில் எடையின் 15 முதல் 25 சதவீதம் டிரக்கின் மேல் இறங்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 20 சதவீதமே 2,400 பவுண்டு. அதோடு ஹிட்ச், நாலு பேர், பின்னால் கருவிப்பெட்டி என்று கூட்டிப் பார்த்தால், இழுக்கும் திறன் மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும்.

மலை ஏறும்போது என்ஜின் நிமிடத்துக்கு 4,500, 5,000 சுற்றில் அலறுகிறது

கோளாறு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தப் பயம்தான் மற்ற தப்புகளுக்கெல்லாம் வழி வைக்கிறது.

மேலே சொன்ன டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 15,460 பவுண்டு. 6 சதவீத ஏற்றத்தில் இந்த எடையைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 60 மைல் போக, ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 150 குதிரைத்திறன் வேண்டும். பெட்டி போன்ற ட்ரெய்லர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும் டயர் உருளவும் இன்னொரு 70, 80. கியரிலும் அச்சிலும் வீணாவதைச் சேர்த்தால் என்ஜின் கொடுக்க வேண்டியது 260 அளவில் நிற்கும். இந்த வி8 என்ஜின்கள் 2,500 சுற்றில் கொடுப்பது சுமார் 200. போதாது. இவற்றின் உச்ச டார்க் (முறுக்கு விசை) 4,000 சுற்றில், உச்ச குதிரைத்திறன் 5,200 அல்லது அதற்கு மேல். அதனால் கியர்பாக்ஸ் இறங்கி என்ஜினை மேலே தூக்குவது அதன் வேலையை ஒழுங்காகச் செய்வதுதான். டீசல் 1,800 சுற்றுக்குள்ளேயே உச்ச டார்க்கைக் கொடுத்துவிடும். பக்கத்து லேனில் அது சத்தமில்லாமல் ஏறுவதைப் பார்த்து மனம் குலைய வேண்டாம்.

இதில் உயரம் வேறு சேரும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே 400 குதிரைத்திறன் என்ஜின் 270 குதிரைத்திறன் என்ஜினாகிவிடும். மேலே வந்த 260-ஐ நினைவில் வையுங்கள். மிதி முழுக்க அழுத்தி, முள் 5,000-ஐத் தொட்டால்தான் 60 தாங்கும். தாங்காவிட்டால் 45-க்கு இறங்கி, வலது லேனில், எச்சரிக்கை விளக்குப் போட்டு ஏறுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. இழுக்கும் திறனை அளக்க அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஜே2807 தரத்தில், அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தை வைத்துத்தான் ஏறும் சோதனை. 11 மைலுக்கு மேல் நீளம், கொளுத்தும் வெயில், ஏசி முழுவதும் ஓட வேண்டும். அதில் தேறுவதற்கு, பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள டிரக் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறினால் போதும். தயாரிப்பாளரே 40-ஐ ஒத்துக்கொள்ளும்போது நாம் ஏன் 65-க்கு அடம்பிடிக்க வேண்டும்?

சுற்று குறைய வேண்டும் என்று கையால் மேல் கியர் போடாதீர்கள். குறைந்த சுற்றில் மிதியை முழுக்க அழுத்தி இழுப்பதுதான் என்ஜினுக்குச் சுமை, தட்டல் (பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் என்ஜினில் கேட்கும் சத்தம்) வருவதும் அப்போதுதான்.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றால்: சுற்று ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை, கியர் வழுக்குவது போல முள் தானாக மேலே துள்ளுகிறது. அப்போது கியர்பாக்ஸ் ஆயில் அளவும் வெப்பமும் பார்க்க வேண்டும். கீழே வருகிறேன்.

கியர் ஓயாமல் மேலும் கீழும் மாறுகிறது

டோ-ஹால் பொத்தானை (சுமை இழுப்பதற்கு ஏற்றபடி கியர் மாறச் செய்வது) அழுத்தினீர்களா? பாதிப் பேருக்குக் கோளாறு இங்கேயே முடிந்துவிடும். அழுத்தியும் அலைந்தால், மேடு பள்ளமான சாலையில் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட்டு மேல் கியர்களைக் கையால் பூட்டுங்கள். பத்து கியர் வண்டியில் 9, 10 இரண்டையும் எடுத்துவிட்டாலே அமைதியாகிவிடும். எதிர்க்காற்று நாளிலும் இதேதான்.

மைலேஜ் கேலனுக்கு 8 மைலாக விழுந்துவிட்டது என்பதும் கோளாறு இல்லை. உயரமான ட்ரெய்லரோடு 7 முதல் 10 வரைதான் வரும். 65-லிருந்து 60-க்கு இறங்குவதை விடப் பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது.

வெப்பம் ஏறுகிறது

ஏற்றத்தில் முன்னால் விமானம் கிளம்புவது போல ஒரு இரைச்சல் கேட்டால், அது விசிறி கிளட்ச் பிடித்துக்கொண்ட சத்தம். நல்ல அறிகுறி. முள் ஏறுகிறது, ஆனால் அந்த இரைச்சல் வரவே இல்லை என்றால்தான் விசிறி கிளட்ச் மேல் சந்தேகப்பட வேண்டும்.

என்ஜின் வெப்பம் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள், வேகத்தைக் குறைத்துக் கீழ் கியரில் போங்கள். சுற்று அதிகமானால் தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும், சூடு இறங்கும். சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, ஆவி பறந்தாலோ பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே அணைத்துவிடுங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஊருக்கு வந்ததும் பார்க்க வேண்டியது: கூலன்ட் அளவு, மூடியின் ரப்பர், அப்புறம் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் பூச்சி, பஞ்சு, தூசி. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பாருங்கள், உண்மை தெரியும்.

கியர்பாக்ஸ் ஆயில் வெப்பம் சமதளத்தில் 190 முதல் 210 டிகிரி ஃபாரன்ஹீட், ஏற்றத்தில் 220 வரை போகும். 240-ஐத் தாண்டினால் ஒதுங்கி, பார்க்கில் போட்டு என்ஜினை ஓடவே விடுங்கள். ஆயில் கூலர் வழியாகச் சுற்றினால்தான் ஆறும். மேட்டில் ட்ரெய்லரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளி நிறுத்தும்போதும் இந்த வெப்பம் சட்டென்று ஏறும். 4x4 லோ போட்டுத் தள்ளினால் அந்தச் சிரமம் இல்லை, ஆனால் இறுகிய தார்த்தரையில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பாமல் செய்ய வேண்டும்.

சோளம் பொரிவது போல் தட்டல், அல்லது செக் என்ஜின் விளக்கு சிமிட்டுகிறது

தட்டல் என்றால் முதலில் பெட்ரோல். கொலராடோ, யூட்டா, வயோமிங் போன்ற உயரமான மாநிலங்களில் "ரெகுலர்" என்று விற்பது பல பங்க்குகளில் 85 ஆக்டேன். பழக்கத்தில் முதல் பொத்தானை அழுத்தினால் அதுதான் வரும். சுமை இழுக்கும்போது 87-க்குக் கீழே போடாதீர்கள், கடும் வெயிலில் அதற்கு மேல் ஒரு படி போட்டால் இன்னும் நல்லது.

செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஊர் வரை போகலாம். சிமிட்டினால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், அதனால் மிதியை உடனே தளர்த்த வேண்டும். ஸ்கேனரில் பிழைக் குறியீடு (கோடு) பி0301 முதல் பி0308 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை அடுத்ததற்கு மாற்றிப் போட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்கள். சும்மா ஓட்டும்போது தெரியாத தேய்ந்த ப்ளக், சுமையில்தான் காட்டிக்கொடுக்கும். 6.4 ஹெமியிலும் ஃபோர்டின் பழைய 6.2-விலும் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 ப்ளக் இருக்கும். எட்டு வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் நின்றுவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருக்கலாம். ஹெமிகளில் இது பரவலாகத் தெரிந்த விஷயம். அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போட்டால் இன்னொரு போல்ட்டும் போகும்.

ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடுகிறது

இதில் முதல் நொடி முக்கியம். மிதியிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிர்த்திருப்பம் கொடுக்காதீர்கள். கால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டாஷ்போர்டில் ட்ரெய்லர் பிரேக் கைப்பிடி இருக்கும், அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். வேகம் கூட்டித் தப்பிக்கலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆட்டத்துக்குத் தீனியே வேகம்தான்.

அப்புறம் ஒதுங்கிக் காரணம் தேடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை டங் வெயிட் குறைவாக இருக்கும். வீட்டில் சரியாக இருந்தது வழியில் எப்படிக் குறையும் என்றால், தண்ணீர். 50 கேலன் தண்ணீர் 415 பவுண்டு. அந்தத் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், நிரப்பியதும் பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அச்சுக்கு முன்னால் இருந்தால் காலியாகும்போது அதே விளைவு. உங்கள் ட்ரெய்லரில் தொட்டி எங்கே என்று இன்றே குனிந்து பாருங்கள். பின் பம்பரில் மாட்டிய நாலு சைக்கிளும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது, ட்ரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கிறதா? மட்டமாகவோ கொஞ்சம் முன்பக்கம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். முக்கால் டன் டிரக் உயரமானது, பழைய சின்ன டிரக்கின் பால் மவுண்டையே (ஹிட்ச் பந்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) மாட்டினால் கண்டிப்பாகத் தூக்கும். அதோடு டிரக்கின் பின் டயர் காற்று. சுமையில்லாத ஓட்டத்துக்காகக் குறைத்து வைத்திருந்தால் பக்கச்சுவர் குழைந்து ஆட்டம் பிறக்கும், கதவு ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள்.

ஸ்டீயரிங் லேசாக மிதக்கிறது என்றால் ஆட்டத்தின் தம்பி அது. முன் அச்சின் எடை போய்விட்டது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பியின் சங்கிலியில் ஒரு கண்ணி இறுக்குங்கள். எடைமேடை இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரின் உயரத்தை டேப்பால் அளந்து, ட்ரெய்லர் மாட்டும் முன் எவ்வளவு, மாட்டிய பின் எவ்வளவு, கம்பி போட்ட பின் எவ்வளவு என்று பாருங்கள். ஏறிய உயரத்தில் பாதியாவது இறங்க வேண்டும்.

ட்ரெய்லர் பிரேக்: பிடிக்கவில்லை, அல்லது "ட்ரெய்லர் துண்டிக்கப்பட்டது" என்று திரையில் வருகிறது

செய்தி வந்து வந்து மறைந்தால் முதலில் ட்ரெய்லர் ஒயரை டிரக்கோடு இணைக்கும் ஏழு முனை பிளக். கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், கான்டாக்ட் க்ளீனர் அடித்து, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். தீரவில்லையா, வேறொரு டிரக்கில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வந்தால் தவறு ட்ரெய்லர் பக்கம்.

அங்கே எல்லோரும் தவறவிடும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். பல ட்ரெய்லர்களில் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் பிரேக் ஒயர், அச்சின் இரும்புக் குழாய்க்கு உள்ளேயே போகும். ஓட்ட ஓட்ட அது குழாய் நுழைவின் கூரான விளிம்பில் உரசி, மேல்தோல் போய், செம்பு பளபளவென்று தெரியும். குண்டும் குழியுமான இடத்தில் மட்டும் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகும், நின்று சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். குழாய்க்குள் இருக்கும் ஒயரை அப்படியே விட்டுவிட்டு, புது ஒயரை அச்சுக்கு வெளியே உறை போட்டுக் கட்டிக்கொண்டு போவதுதான் நிரந்தரத் தீர்வு. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் மேக்னட்டும் தனியாக அளந்தால் 3, 4 ஓம் காட்ட வேண்டும், சுமார் 3 ஆம்பியர் இழுக்கும்.

செய்தி எதுவும் இல்லை, ஆனால் பிரேக் பலவீனமாக இருக்கிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட். எலெக்ட்ரிக் ட்ரம் பிரேக்கில் பெரும்பாலானவை தானாக அட்ஜஸ்ட் ஆகாது. புதிதில் 200 மைலில் ஒரு தடவை, அப்புறம் 3,000 மைலுக்கு ஒரு தடவை என்பது அச்சுத் தயாரிப்பாளர் டெக்ஸ்டரின் கணக்கு. பேரிங் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் பட்டிருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள், ஷூவை மாற்றுங்கள்.

கெயின், அதாவது ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு, வைப்பதும் சுலபம். காலியான காய்ந்த ரோட்டில் 20, 25 மைல் வேகத்தில் கைப்பிடியை முழுக்க அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், டிரக்கைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது முதுகில் தெரிய வேண்டும். சுமை மாறினால் மறுபடி வையுங்கள்.

இறக்கத்தில் பிரேக் நாற்றம்

பெட்ரோல் டிரக்கில் டீசலில் இருப்பது போல எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது. கீழ் கியர்தான் ஒரே துணை, அதையும் உச்சியில், இறங்கும் முன்பே போட வேண்டும். 4,500 சுற்றில் இறங்குவது சரிதான், சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் மிஞ்சினால் உறுதியாக ஒரு தடவை பிடித்து 5, 10 மைல் குறைத்து முழுக்க விடுங்கள். லேசாகக் கால் வைத்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைச் சுடும். பிரேக் மிதி அமுங்கிக்கொண்டே போனால் பிரேக் கை விடப் போகிறது என்று அர்த்தம், சரளை போட்ட லாரி ஒதுங்குபாதை வந்தால் வெட்கப்படாமல் அதில் ஏறிவிடுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

ஐம்பது அறுபது மைலுக்கு ஒரு தடவை நிற்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எல்லாச் சக்கர மையங்களையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நிற்கும் முன் கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 டிகிரி அதிகமா? ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுழற்றுங்கள். கரகரத்தால் பேரிங், இழுத்துப் பிடித்தால் ஒட்டிக்கொண்ட பிரேக். பேரிங்குக்கு 12 மாதமோ 12,000 மைலோ, எது முதலில் வருகிறதோ அப்போது கிரீஸ் மாற்ற வேண்டும்.

டயர் விஷயத்தில் நான் கறார். ட்ரெய்லர் டயர் பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நாலு எண் தயாரித்த வாரமும் வருடமும்: 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம். ஆறு வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். குளிர்ந்த நிலையில் பக்கச்சுவரில் போட்டிருக்கும் முழு அழுத்தத்துக்குக் காற்றடிக்க வேண்டும், லோட் ரேஞ்ச் ஈ (டயர் தாங்கும் சுமையின் வகை) என்றால் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ. பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

சோதிக்கச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.